வரேன், போறேன்

இரண்டாவது தடவையும் கட்டடம் வெடித்தது.

ஹவில்தார் முகத்தை மூடியிருந்த கனத்த கண்ணாடியைக் கழற்றினார். புகை இல்லை, இடிபாடு இல்லை. கால் ஆடும் நாற்காலியும், முனகும் மின்விசிறியும்தான். கட்டடம், குண்டு, ரோபோ மூன்றும் கண்ணாடிக்குள்ளேதான்.

ரோபோவோடு சேர்ந்து வேலை செய்யப் பழகும் பயிற்சி. மூன்று தடவையில் ஒன்றிலாவது தேறினால்தான் லீவு. வெள்ளிக்கிழமை மனைவிக்குக் கண் ஆபரேஷன்.

பாடம் எளிது. குண்டை ரோபோவிடம் ஒப்படைத்து, சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆள் கிளம்பியதும் ரோபோ அதைச் செயலிழக்கச் செய்யும்.

"கிளம்பறப்ப என்னண்ணே சொன்னீங்க?" என்றாள் கருவியை இயக்கும் பெண்.

"வரேன்னேன்."

"அதான். ரெண்டு தடவையும் நீங்க வருவீங்கன்னு அது காத்துக்கிட்டே நின்னுச்சு. 'போறேன்'னு சொல்லுங்க."

இருபத்தாறு வருஷ சர்வீஸில் எத்தனையோ முறை வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். அந்த வார்த்தை மட்டும் வாயில் வந்ததில்லை. வந்தால் மனைவி தொலைத்துவிடுவாள். நாக்கைப் பழக்க வேண்டுமே என்று மெஸ்ஸில் போறேன், குளியலறையில் போறேன் என்று பகலெல்லாம் முணுமுணுத்தார். அந்த வேகத்தில் சாயங்காலம் போனில் மனைவியிடமும் "சரி, போறேன்" என்று வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் முகத்தைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. அவரிடம் சொல்லாமலே ரோபோவுக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடுத்தாள்: 'வரேன்' என்றால் ஆள் கிளம்புகிறார். 'போறேன்' என்றால் உயிர் பிரிகிறது.

மூன்றாவது தடவை. ஹவில்தார் குண்டை ஒப்படைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கணீரென்று சொன்னார்:

"போறேன்."

ரோபோ குண்டைக் கீழே வைத்தது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடி, தரையில் கிடத்தி, சல்யூட் அடித்தது. பின்னால் கட்டடம் வெடித்தது. 'ஹவில்தார் வீரமரணம்' என்று எழுத்து ஓடியது.

கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. லீவு விண்ணப்பத்தோடு ஆபீஸ் குமாஸ்தா முன்னால் போய் நின்றார். தேறவில்லைதான், ஆனாலும் ஆபரேஷன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று கெஞ்சினார்.

குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டினார். பயிற்சி அறையின் முடிவுகள் நேராக அதில்தான் வந்து விழும்.

"செத்தவங்களுக்கு லீவு கிடையாதுண்ணே."

ஹவில்தார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் எப்படித்தான் வீட்டுக்குப் போறது?"

குமாஸ்தா தலை நிமிராமலே ஒரு தாளை நீட்டினார்.

"படுத்துக்கிட்டே போலாம். உங்க உடம்பை வியாழக்கிழமைக்குள்ள வீட்டுல சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தாச்சு, வண்டி வாசல்ல நிக்குது."