கெண்டையை வழியனுப்பிய கதை

'தெரியாது' என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான காரியம். இந்தக் குணத்தால் ஆபீஸில் ஒருமுறை பதவி உயர்வு கிடைத்தது. வீட்டில் ஒருமுறை மீன் இல்லாத மீன் குழம்பு கிடைத்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் கம்பெனி என்னை எட்டு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. மேற்குப் பக்கம், மலையும் ஆறுமான ஊர். அங்கே சனிக்கிழமை ஆனால் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி ஆக்கி, தூண்டிலைச் சாட்டை போல வீசி ட்ரவுட் மீன் பிடிப்பார்கள். நானும் வகுப்பில் சேர்ந்து பதினாறு சனிக்கிழமை நடுங்கினேன். மொத்தம் மூன்று மீன். (ஒன்றை இழுத்தது வாத்தியார். அதனால் என்ன, தூண்டில் என்னுடையது.) மைசூர் திரும்பும்போது அந்தத் தூண்டிலும் என் பெட்டியில் வந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதம், மாமனாரும் மாமியாரும் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள ஹனூரிலிருந்து முதல்முறையாக எங்களோடு தங்க வந்தார்கள். அத்தை என் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பாதி காலி. ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் முடிவு கட்டுவதற்குள் முந்திக்கொண்டேன்.

"அத்தை, நாளைக்கு ஆத்து மீன் குழம்பு. மீனை நானே பிடிச்சுட்டு வர்றேன்."

என் கணவர் பிரபு காபியைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"நெசமாவா கண்ணு?" அத்தையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "அப்ப நான் மசாலா அரைச்சு வெச்சர்றேன்."

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போதே புளி ஊறிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி, மாமாவுக்குத் தெரிந்தவரின் கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் காவிரி. மீன் பிடிக்கத் தடையில்லாத இடமா என்று கேட்டுக்கொண்டுதான் போனோம். மாமா கையில் ஒரு வாளி. என் கல்யாணத்துக்கு ரசம் ஊற்றிய வாளி அளவு இருக்கும்.

"புழு எங்க அம்மணி?"

"புழு வேண்டாம் மாமா. இது இறகு."

"எறகத் தின்னா மீனுக்கு வயிறு நெறையுமா?"

"அதுக்குத் தெரியாது மாமா."

முதல் வீச்சு பின்னால் நின்ற மாமாவின் தோளிலிருந்து துண்டைக் கிளப்பிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டது. (தூரம் மட்டும் பிரமாதம்.) அவர் துண்டைப் பிழிந்து தலையில் கட்டிக்கொண்டு, வாளியோடு பத்தடி தள்ளி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஓடியது. பிரபு இளநீர் வாங்கப் போனார். அவர் போன மூன்றாவது நிமிஷம் நூல் விறைத்தது.

கெண்டை! நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். மாமா துள்ளி எழுந்து முழங்கால் தண்ணீரில் வாளியோடு ஓடி வந்தார். "விடாத அம்மணி, விடாத!"

நான் கையை நனைத்தேன். முள்ளைப் பூப்போலக் கழற்றினேன். இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் ஏந்தி, தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பி, அது மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, விட்டேன். அந்த ஊரில் மீனைப் பிடித்ததும் இப்படி ஆற்றிலேயே திருப்பி விடுவதுதான் வழக்கம். பதினாறு சனிக்கிழமைப் பாடத்தை என் கை மறக்கவே இல்லை. வாத்தியார் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

பார்த்தது மாமா.

காலி வாளியை நீட்டியபடி அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரபு இளநீரோடு வந்து, "மீன் மாட்டுச்சா?" என்றார். வீட்டுப் பேச்சில் ஒரு கன்னட வார்த்தைகூடக் கலக்காத மாமா, "ஹோய்த்து" என்றார். போயிற்று என்பதைச் சொல்ல அன்று அவருக்குத் தமிழ் போதவில்லை போலிருக்கிறது.

வீட்டு வாசலிலேயே மசாலா மணந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"புடிச்சா. என்ற கண்ணால பாத்தேன்," என்றார் மாமா. "புடிச்சு, தடவிக் குடுத்து, பத்திரமாப் போயிட்டு வான்னு அனுப்பிச்சுட்டா."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு கத்தரிக்காயை நறுக்கிச் சட்டியில் போட்டார். அத்தையிடம் மூன்று மாதமாக இருந்த பயம் அன்று மதியம் எனக்குப் போயிற்று. குழம்பு அபாரம்.

இன்றும் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புக்கு 'அமெரிக்கா மீன் குழம்பு' என்றுதான் பெயர். மாமா கதை சொல்லும்போதெல்லாம் கெண்டை ஒரு சாண் வளர்கிறது. அது வளர வளர நான் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். போன வாரம்கூட மார்க்கெட்டில், வெட்டிச் சுத்தம் செய்த மீனை என்னிடம் நீட்டிய கடைக்காரரை அத்தை தடுத்தார்.

"எங்கிட்டக் குடுப்பா. அவ கையில குடுத்தா ஆத்துல விட்டுருவா."