முக்கால் டம்ளர் காபியும் ஒரு முழுக் கடலும்

கடலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தபோது, நான் கடலைப் பார்க்கவே இல்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ராயபுரம் கரையில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு நடுவே, தண்ணீர் வற்றிய ஒரு மாலையில், அது நழுவி விழுந்துவிட்டது. (இன்றுவரை கிடைக்கவில்லை. இன்னொன்று வீட்டில் இருக்கிறது.) குனிந்து பார்த்த இடுக்கில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குள் பூப்போல விரிந்து, தொட்டால் சுருங்கிக்கொள்ளும் கடல் சாமந்திகள், உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட விரல் நீள மீன் ஒன்று, என்னைக் கண்டு விரோதமாகக் கொடுக்கைத் தூக்கிய பொடி நண்டு. வெயில் அடிவரை இறங்கி எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டியது. கடல் என்றால் ஆழம் என்று எனக்கு யார் சொன்னது? வாழ்கிற இடமெல்லாம் மேல்மட்டத்தில்தானே இருக்கிறது என்று தோன்றியது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல். அந்த ஆண்டில் ஒருவனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இருக்காது. சந்தேகமெல்லாம் மூன்றாம் ஆண்டில்தான் ஆரம்பிக்கும். நூலகத்தில் வண்ணப்படம் போட்ட ஒரு தடித்த புத்தகத்தில் பவளப்பாறையைப் பார்த்தேன். அதுவும் வெளிச்சம் எட்டுகிற ஆழத்தில்தான் வளருமாம். முடிவு செய்துவிட்டேன். பவளப்பாறைக்கு ஒரு தொட்டி. உயரமான தொட்டி அல்ல, அகலமான, ஆழமில்லாத தொட்டி. வெளிச்சம் அடிவரை போகும். காற்றடிக்கும் மோட்டார் வாங்க வழியில்லை. அகன்ற தண்ணீர்ப் பரப்பு தானே காற்றை இழுத்துக்கொள்ளும். யோசித்து யோசித்துப் பார்த்தும் என் திட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், தொட்டியைப் பற்றி நான் நினைத்தது எல்லாமே சரி.

மூர் மார்க்கெட்டில் மீன் தொட்டி விற்பவருக்கு மட்டும் அது புரியவில்லை.

"ஒசரமா வாங்கு நைனா. மீனு மேலயும் கீழயும் போய்க்கினு இருந்தாத்தான் பாக்க சோக்கா இருக்கும்."

எனக்கு மீன் அவ்வளவு முக்கியமில்லை, பாறைதான் முக்கியம் என்றேன்.

"பாறைக்கா தொட்டி?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாறைய தரையிலயே வெச்சுக்கலாமே."

கடைசியில் பலகைக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். கட்டில் பலகை போல நீளமும் அகலமும். ஆழம் மட்டும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. யாரோ ஆமை வளர்க்கச் செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போய்விட்டாராம். தொட்டியை எடுத்துக்கொண்டு போனால் கடைக்குள் தனக்கு நடக்க இடம் கிடைக்கும் என்றார். காட்சிக்கு வைக்கிற வெள்ளைப் பவளக் கற்கள் நாலைந்தையும் சேர்த்துக் கொடுத்தார். ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரித்தேன், ஆமை என்ற ஒரு சொல்லைத் தவிர.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். நாளெல்லாம் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர், கொல்லைப்புறத்தில் நான் வாளி வாளியாகக் கடல் தண்ணீர் ஊற்றுவதைக் கொஞ்சநேரம் நின்று பார்த்தார்.

"நாலு தெரு தள்ளி அது பாட்டுக்குக் கீது. அது மேல உனக்கு இன்னாடா கோவம்? வூட்டுக்கு இட்டாந்து கட்டிப்போடுற."

இரும்புச் சட்டத்தை உப்பு தின்னும் என்று தார் பூசினேன். கருங்கல் இடுக்கிலிருந்து சாமந்திகளைச் சிறு கல்லோடு பெயர்த்து வந்தேன். பட்டை மீன் இரண்டு, நண்டு ஒன்று. உயிருள்ள பவளம் ஒன்றுகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் ஒரு வழி வைத்திருந்தேன். அந்த வழிதான் அக்காவின் கல்யாணம்.

அக்கா பிலோமினா பள்ளிக்கூட டீச்சர். அவளைப் பெண் கேட்டிருந்தவர்கள் தூத்துக்குடிக்காரர்கள். இங்கே வெங்காய மண்டி வைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் பவளம் கடலிலேயே கிடைக்கும். சம்பந்தம் முடிந்தால் எனக்கு உயிருள்ள பவளம். இப்படியாகத்தான் என் புத்தி ஓடியது. அக்காவின் புத்தி வேறு மாதிரி ஓடியிருக்கிறது என்பது, அவர்கள் வருவதற்கு முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னபோதுதான் தெரிந்தது.

"அவரை எனக்கு முன்னாடியே தெரியும்டா. ஒரே பஸ்ஸுலதான் போவோம். ஒரு வார்த்தை பேசினதில்லை." அடுத்த துணியை எடுத்தாள். "அவங்க அம்மா சரின்னா போதும். அவங்க வேணாம்னுட்டா அவரு மீற மாட்டாரு."

நான் ஆறுதலாக, தொட்டியை முன்னறையில் வைத்து அந்த அம்மாவை அசத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, அப்பாவோடு சேர்ந்து தொட்டியைக் கொல்லைத் தரையிலிருந்து முன்னறை மேஜைக்கு ஏற்றினேன். இயேசுவின் படத்துக்குக் கீழே, நாற்காலிகளுக்கு நடுவில். தண்ணீர் பாதியளவு இருந்தது. பார்க்க ஏழ்மையாகத் தெரிந்தது. விளிம்பு வரை ஊற்றினேன். அந்தப் பக்கம் போன அம்மா, கொஞ்சம் குறைத்து ஊற்றலாமே என்றாள். எங்கள் வீட்டில் எதையும் முக்கால்தான் ஊற்றுவார்கள். காபி முக்கால், குழம்புக் கிண்ணம் முக்கால், குடிக்கிற தண்ணீர்கூட முக்கால். சிக்கனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடலிலுமா சிக்கனம்? இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன்.

மாப்பிள்ளை சேவியரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அப்பாக்காரர் மண்டியை விட்டு வர முடியவில்லை. எப்படியும் முடிவு அந்த அம்மாவுடையதுதான் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அரக்குப் பட்டுப்புடவை. நேராகத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது எங்க ஊரு கல்லுல்லா. இதச் சூளையில போட்டுச் சுண்ணாம்புக்குல்லா எரிக்கோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா காபி கொண்டுவந்தாள். அந்த அம்மா டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். முக்கால். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரைத் தொட்டிக்குப் பக்கத்தில் மேஜையோரமாக வைத்துவிட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ஏதோ விளங்கியது போல முகம் வெளுத்தது. சேவியர் தன் டம்ளரைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அந்த மௌனத்தை நிரப்புவது என் கடமை என்று நினைத்து, பவளப்பாறைக்கு ஆழமில்லாத தண்ணீர் ஏன் உகந்தது என்று விளக்க ஆரம்பித்தேன்.

அப்போது கூட்ஸ் வந்தது.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் துறைமுகத்துக்குப் போகிற சரக்கு லைன். வண்டி போனால் போதாது, அங்கேயே நின்று பெட்டிகளை மோதி மோதிக் கோப்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். எங்கள் காதில் விழுவதே இல்லை. பேச்சு நடுவில் நிற்கும், சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும். நானும் அப்படியே நின்றேன். வந்தவர்கள் இருவரும் நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தொட்டித் தண்ணீர் ஒரு கோடிக்கு மெதுவாக நகர்ந்தது. திரும்பி வந்தது. அடுத்த மோதலுக்கு இன்னும் கொஞ்சம் உயரமாகப் போனது. ஆழமான தொட்டியாக இருந்தால் கனத்துக்கு அடங்கி நின்றிருக்குமோ என்னவோ. இது கட்டில் அகலம். தண்ணீருக்கு ஓட இடம் இருந்தது, ஓடியது. நான்காவது முறை அது கண்ணாடி விளிம்பைத் தாண்டி, ஒரே வீச்சாக, சாமந்திக் கல்லோடும் ஒரு பட்டை மீனோடும் அரக்குப் பட்டின் மடியில் போய் விழுந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று பல வருஷம் சாதித்தேன். பலிக்கவில்லை. நான் சொன்னது இதுதான்:

"பயப்படாதீங்க. பவளப்பாறைக்கு அலை ரொம்ப நல்லது."

சொல்லிவிட்டு அந்த அம்மாவை விட்டுவிட்டு மீனைக் காப்பாற்றக் குனிந்தேன்.

அக்கா பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டி அடங்கும்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் நிற்கிற நிலை. தட்டைக் கீழே வைத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு வந்து மடியைத் துடைத்தாள். அழவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தினமும் பஸ்ஸில் போன இரண்டு பேரின் கதையை முடித்துவிட்டேனே என்று நின்றேன்.

அந்த அம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "தெனமும் இப்படித்தான் ஆடுமா?"

"எது ஆட்ச்சு?" என்றார் அப்பா. நடிப்பில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அந்த அம்மா மேஜையைப் பார்த்தார். மேஜை முழுக்கக் கடல் தண்ணீர். அதன் நடுவில், தொட்டிக்குப் பக்கத்திலேயே, அவர் குடிக்காமல் வைத்த காபி டம்ளர். மேஜையில் ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை. அதைக் கையில் எடுத்தார். சுவரைப் பார்த்தார், இயேசுவின் படத்துக்கு மேலே ஓர் ஆணி, கீழே படம் ஆடாமல் இருக்க இரண்டு ஆணி. மறுபடியும் டம்ளரைப் பார்த்தார். பிறகு ஆறிய காபியை மடமடவென்று குடித்து முடித்தார்.

"இப்பல்லா வெளங்குது. அளவு தெரிஞ்சு ஊத்தியிருக்கீய. நாந்தான் கைச்சுருக்கம்னு நெனச்சுட்டேன்." காலி டம்ளரை அக்காவிடம் நீட்டினார். "அந்தக் கால் டம்ளரையும் ஊத்திக் கொண்டா தாயி. ரயிலு போயிட்டுல்லா."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. கால் டம்ளர் காபிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. சேவியர் எழுந்து, எனக்கு உதவுகிற பாவனையில் மேஜைக்கடியில் நண்டைத் தேட ஆரம்பித்தார். நண்டு, அவர் வீட்டுக்குப் போகக் காலை நுழைத்தபோது, அவருடைய ஷூவிலிருந்து கிடைத்தது.

பிறகு யோசித்துப் பார்க்கிறேன். கடலில் எந்தப் பிராணி எந்த ஆழத்தில் வாழும் என்று புத்தகம் புத்தகமாகத் தேடியவன், தான் எதன் மேல் நின்று வாழ்கிறோம் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அம்மாவும் ஏன் முக்கால் என்று யோசித்து ஊற்றியவள் அல்ல. கேட்டால், எப்போதும் அப்படித்தானே என்பாள். வீடே அவள் கைக்கு அந்த அளவைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. அல்லது சொன்னபோது நான் புத்தகத்தில் இருந்தேன்.

அக்கா இப்போது மாதவரத்தில் குடியிருக்கிறாள். பக்கத்தில் ரயிலே கிடையாது. அங்கேயும் முக்கால்தான் ஊற்றுகிறாள். புதிதாக வருகிற உறவினர் யாராவது டம்ளருக்குள் பார்த்தால், அவள் மாமியாரே முந்திக்கொண்டு முழுக் கதையையும் சொல்லி, என் வசனத்தை என் குரலிலேயே பேசிக்காட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வருவார். வீட்டில் யார் எதைச் சிந்தினாலும், பவளப்பாறைக்கு நல்லது என்று யாராவது சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் புடவையில் உப்புக் கறை போகவில்லை.

சேவியர் மாமா தன் மாடியறையைத் தருகிறேன் என்கிறார். ஜன்னல் வெயில் நேராக விழுகிறது, தரை திடமாக இருக்கிறது, உயிருள்ள பவளத்துக்கும் ஊருக்குச் சொல்லி அனுப்புவாராம். தொட்டி மறுபடியும் ஆழமில்லாததுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தத் தெருவில் லாரி நிறையப் போகிறது. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, தொட்டி வாங்குவதற்கு முன்னால், மாடியறை நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி வைத்துவிட்டு நாள் முழுக்கப் பார்க்கப்போகிறேன். மாமாவின் அம்மாவையும் வந்து பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறாராம். ஸ்டூலுக்கு எதிரே மட்டும் உட்கார மாட்டாராம்.