பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஹஸீனா சாகவில்லை

கஜா பெராங், மலாக்கா
30-6-1957, ஞாயிறு

பினாங்கில் இருக்கும் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் இப்ராஹீம் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை பஷீராவோடு இருபத்து மூன்று வருஷமாகக் குடும்பம் நடத்திவரும் ஹாஜா முகைதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் மூட்டுவலி குறைந்திருக்க துஆச் செய்கிறேன். இங்கே மழை பரவாயில்லை. ஜாலான் பெண்டஹாரா கடையில் பெருநாள் நெருங்குவதால் ஏலக்காயும் கிராம்பும் நன்றாகப் போகின்றன. மரியாதைக்கு எழுதவேண்டியது இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன். மச்சான், உங்கள் தங்கையைப் பற்றி உங்களிடம் பிராது கொடுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இது முதல் பிராது. முப்பத்தொன்பதாம் வருஷம் பூனை விஷயமாக எழுதியதை நான் அப்போதே வாபஸ் வாங்கிவிட்டேன். இதுவரை உங்களுக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியவை, இது ஒன்றுதான் என் சொந்தக் கை. சூரிய வெளிச்சத்தில் வைத்துப் படித்தால் புரியும்.

நான் நாவல் எழுதிவருவது தாங்கள் அறிந்ததே. ஜப்பான்காரன் போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் தெரிவித்து வந்திருக்கிறேன். "ஹஸீனா அல்லது கண்ணீர்க் கப்பல்" என்று பெயர் வைத்து முதல் அத்தியாயத்தை மட்டும் பதினொரு தடவை எழுதினேன். பௌர்ணமி நிலவில் ஆரம்பிப்பேன், கப்பலின் மேல்தளத்தில் ஹஸீனா நிற்பாள், அவள் கண்ணில் நீர் திரளும், அதற்குள் யாராவது கால் கட்டி எடைக்கு வெந்தயம் கேட்டு வந்துவிடுவார்கள். நிறுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் நிலவு போதாது என்று தோன்றும், இன்னொரு பக்கம் நிலவு எழுதுவேன். ஒரு தடவை துணிந்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பி, "எங்கள் காரியாலயத்தில் ஐந்து பேர் முயன்றும் படிக்க முடியவில்லை, எந்த மொழி என்று தெரிவித்தால் அதற்குரியவரிடம் காட்டுகிறோம்" என்று சீட்டும் வைத்திருந்தார். அன்றிலிருந்து பத்திரிகை ஆசிரியர்கள்மேல் எனக்கு மதிப்பு இல்லை.

இந்த நிலையில்தான் தேர்தல் நோட்டீஸ் அடித்துவிட்டுத் தூசி படிந்து கிடந்த சைக்ளோஸ்டைல் மிஷின் ஒன்று என் கைக்கு வந்தது. மச்சான், அது வந்த நாளில் நான் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். இனிமேல் அச்சாபீஸ்காரன் தயவு வேண்டாம், ஆசிரியர் தயவு வேண்டாம். மெழுகுத்தாளில் இரும்பு முனைப் பேனாவால் எழுதவேண்டியது, மிஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றவேண்டியது, அறுபது பிரதி வந்து விழும், அறுபது பேர் வாசகர்கள். நாடு சுதந்திரம் அடையப்போகிற வருஷத்தில் எழுத்தாளனுக்கும் சுதந்திரம் வந்துவிட்டது என்று கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் மெழுகுத்தாளில் அழுத்தி எழுதக்கூடாதாம். நான் ண எழுதினால் அதன் சுழி அப்படியே தாளிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறது, அந்த ஓட்டை வழியாக மை கொட்டுகிறது. முதல் பிரதியில் ஹஸீனாவின் கண்ணீர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கரும்புள்ளி. பாக்கெட் நிறையச் சுழிகளோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உங்கள் தங்கை, "குடுங்க இங்க" என்று பேனாவை வாங்கினாள். அவள் கை லேசு, சுழி ஒன்றுகூட விழவில்லை. அன்றே வேலையைப் பிரித்துக்கொண்டோம். காலையில் நான் என் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவேன், அவள் பகலில் மெழுகுத்தாளில் எழுதி வைப்பாள், வியாழக்கிழமை சாயங்காலம் நான் கைப்பிடியைச் சுற்றுவேன். மெழுகுத்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும், அச்சான பிரதியையோ எண்ணி அடுக்கவே நேரம் சரியாக இருக்கும். மேலும் நான் எழுதியதை நான் ஏன் படிக்கவேண்டும்? என் தவறு இந்த ஒன்றுதான்.

மார்ச் மாதம் தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அத்தியாயம், நோன்பு மாதத்தில்கூட நிற்கவில்லை. தங்களுக்கும் தபாலில் அனுப்பிவந்தேன். வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனிக்கிழமை காலை அபிப்பிராயம் கடைக்கு வந்துவிடும். காப்பிக்கடையில் ஹஸீனாவுக்காக இரண்டு கட்சி உண்டாயிற்று. எங்கள் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி அம்மாள் ஒன்பதாம் அத்தியாயம் படித்துவிட்டுக் கண் சிவந்து வந்து, "பாய், எப்படி இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் அடக்கமாக, "அனுபவம்" என்றேன். அந்த அத்தியாயத்தில் நான் எழுதியிருந்தது நான்கு பக்கம் நிலவு. பள்ளிவாசல் பக்கம் வாராவாரம் ஏதோ துண்டறிக்கை போகிறது என்று யாரோ சொல்லி, கம்யூனிஸ்ட் துண்டறிக்கைக்குப் பயந்த அவசரகாலம் அல்லவா, தம்பிராஜா என்ற தமிழ்க் கான்ஸ்டபிள் வந்து அதுவரை வெளியாகியிருந்த எட்டு அத்தியாயத்தையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் திரும்பி வந்து, "பெரிய துரை கேட்டாரு, இதுல ஆபத்தா ஏதும் இருக்கான்னு. ஒரு பொம்பள ரொம்ப வெவரமா இருக்கா, அவ புருசனுக்குத்தான் ஆபத்துன்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டாரு. ஒன்பதாவது வந்துருச்சா பாய்?" என்றார். என் ஹஸீனா விவரமான பெண் அல்லவே, அடிக்கடி மயங்கி விழுபவளாயிற்றே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ்ச்சி காதில் விழும்போது வேறெதுவும் விழுவதில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஹஸீனாவைக் கொன்றேன். புலாவ் பெசார் தீவுக்குப் பக்கத்தில், பௌர்ணமி இரவில், கடலில். எழுதும்போது நானே அழுதேன், அன்று முழுவதும் வெற்றிலைகூடப் போடவில்லை. சனிக்கிழமை காலை துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். முதலில் வந்த பாக்கியலட்சுமி அம்மாள் வாயெல்லாம் சிரிப்பாக, "பாய், ஹஸீனா பாசார்ல அப்பக்கடை போட்டுட்டாளே! சுலைமான் மாவு கரைக்கத் தெரியாம முழிச்சது எங்க வீட்டு ஆளு மாதிரியே இருக்கு" என்றார். சுலைமான் என் கதாநாயகன். கவிதை பாடுபவன், குதிரை ஏறுபவன். பிரதியை வாங்கிப் பார்த்தேன். அப்பம், தேங்காய்ப்பால், மாவுக் கட்டி. கடலே இல்லை மச்சான்.

கடையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். பின்னாலேயே பாக்கியலட்சுமி அம்மாளும் என்ன ஏது என்று வந்துவிட்டார். நான் கேட்டேன், "யாரைக் கேட்டு ஹஸீனாவை உசுரோட விட்டே?"

"சாகுற அளவுக்கு அவளுக்கு என்ன வந்துச்சு? நல்லாத்தானே இருந்தா."

"எப்பலேருந்து இப்படி மாத்துறே?"

"மொத அத்தியாயத்துலேருந்துதான். அந்தப் புள்ள பதினோரு வருசமா கப்பல்லயே நிக்கிது. கால் வலிக்காதா? எறக்கி விட்டேன்."

"நான் எழுதுனதுல ஒரு வரியாச்சும் மிச்சம் வச்சியா?"

அவள் கொஞ்சம் யோசித்து, "தலைப்பு இருக்குல்ல" என்றாள்.

அங்கேதான் நான் தவறிவிட்டேன். வெளியாள் நிற்கிறார் என்பதும் தெரியாமல், "நான் ஒங்கிட்டக் கேட்டது கையெழுத்து மட்டுந்தான், புத்தி கேக்கல" என்று கத்திவிட்டேன். அவள் இரும்பு முனைப் பேனாவைத் துடைத்து வைத்தாள். விரலில் இருந்த மெழுகைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். "சரிங்க, உங்க நாவல். நீங்களே எழுதிக்கங்க" என்றாள். பாக்கியலட்சுமி அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இதோடு மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது, பதிமூன்றாம் அத்தியாயம் இல்லை. அவள் சண்டை போட்டால் எனக்குப் பழக்கம் உண்டு, தாங்கிக்கொள்வேன். அவள் மரியாதையாக நடக்கிறாள். "தே தண்ணி போடவா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்கிறாள். ஊரில் எனக்கு முகமில்லை. காப்பிக்கடையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கான்ஸ்டபிள் தம்பிராஜா சைக்கிளை நிறுத்தி, "எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நன்றாக இருக்கிறேன் என்றேன். "உங்களைக் கேக்கல பாய்" என்றார். ரோஷத்தில் நானே எழுதிப் பார்த்தேன். மறுபடி சுழிகள் விழுந்தன. சுழிகூடப் போகட்டும், அப்பக்கடையில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை மச்சான். நிலவைக் கொண்டுவந்தேன், அப்பக்கடை மேல் அது நிற்கவே மாட்டேன் என்கிறது.

அப்புறம்தான் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, கடையில் உட்கார்ந்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை முதல்தடவையாகப் படித்தேன். சுலைமானுக்குக் குதிரை இல்லை. சீரகம் நிறுக்கிறான், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறான், தனக்குத் தெரியாத விஷயத்தை உரக்கப் பேசுகிறான். எனக்குக் கோபம் வந்தது. ஒன்பதாம் அத்தியாயம் வந்ததும் கோபம் போய்விட்டது. அது ஜப்பான்காரன் காலம். வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்குதான். சுலைமான் தினமும் வந்து, "நான் கடையிலேயே சாப்பிட்டேன், நீ தின்னு" என்கிறான். ஹஸீனா பாதி தின்றுவிட்டு, "வயிறு நெறஞ்சிருச்சு, வீணாப் போகக்கூடாது" என்று தட்டை அவன் பக்கம் நகர்த்துகிறாள். அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் தின்று முடிக்கிறவரை அவள் தலை வாரிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறாள்.

மச்சான், அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். உங்கள் தங்கைக்குச் சின்ன வயிறு, இரண்டு வாய்க்கு மேல் தின்னமாட்டாள் என்று பதினான்கு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன், உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. கடையில் மிளகாய் மூட்டை பிரித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, என் கண்ணைப் பார்த்துக் கேட்டவர்களிடம் அதைக் காட்டினேன். நான் எழுதிய பதினொரு முதல் அத்தியாயத்திலும் ஒருவருக்குக்கூடப் பசிக்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரு எழுத்தாளரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவரிடம் போய் ண-வுக்குச் சுழி போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே பிராது என்னவென்றால், அவள் மறுபடி எழுதவேண்டும். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை, "கொடியில துணி காஞ்சிருச்சா?" என்று கேட்டேன். இரண்டாம் தடவை அரிசி என்ன ரகம் என்று விசாரித்தேன். மூன்றாம் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தே தண்ணி போடப் போய்விட்டாள். நீங்கள் தற்செயலாக விசாரிப்பதுபோல், பதிமூன்றாம் அத்தியாயம் ஏன் வரவில்லை என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னதாகத் தெரியவேண்டாம். சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குள் முடித்துப் புத்தகமாகத் தைத்துவிடலாம். அட்டையில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரைச் சின்னதாகப் போடலாம். பக்கத்தில் போட்டாலும் சரிதான். என் பெயர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, கைப்பிடி சுற்றியவர் என்று கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

பெரியவர்களுக்கு என் ஸலாமும் சிறியவர்களுக்கு என் துஆவும். தங்கள் மூட்டுக்கும் வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, வரும் பெருநாள் அனைவரும் வயிறாரச் சாப்பிடும் பெருநாளாக அமையட்டும், ஆமீன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மச்சான்,
ஹாஜா முகைதீன்

பி.கு: மேலே எழுதியதைப் பொருட்படுத்தவேண்டாம், நீங்களும் யாருக்கும் எழுதவேண்டாம். உங்கள் தங்கையிடம் தபால்தலை கேட்டேன். கொடுத்துவிட்டுக் கையை நீட்டி, "விலாசம் நான் எழுதுறேன், உங்க கையெழுத்துல இது பினாங்கு போய்ச் சேராது" என்றாள். உறையை ஒட்டாமல் கொடுத்துவிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து ஐந்து பக்கத்தையும் படித்தாள், நான் முற்றத்தில் நின்றேன். வெளியே வந்து, மெழுகுத்தாள் கட்டை எடுத்து மேஜையில் வைத்து, "இதுதான் பதிமூணாவது அத்தியாயம். சுலைமான் மச்சானுக்கு எழுதுற கடுதாசி" என்றாள். வெள்ளிக்கிழமை அறுபது பேர் படிக்கப்போகிறார்கள், ஆகவே கிழிக்கவேண்டிய அவசியமும் இல்லை. பாதி எழுதியவள் பேனாவை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், "அந்தக் காலத்துல ஒரு நாளாச்சும் நீங்க கடையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கதைக்காகக் கேட்கிறாயா என்றேன். "எனக்கு" என்றாள். இல்லை என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், சோறு எடுத்து வைக்க எழுந்தாள், இரண்டு தட்டிலும் சமமாக.