உன் சிட்டிகை

லப்பைக்குடிக்காடு

அன்புள்ள பத்ருன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான் நலம். வருஷக்கணக்காக நான் துபாயிலிருந்து உனக்கு எழுதிய வரி. நீ நம் மகள் ஃபைஸாவின் பிரசவத்துக்கு அதே துபாய்க்குப் போய்விட்டதால், இப்போது இங்கிருந்து வருகிறது. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை வரை சிரிக்கிறார். அதனால்தான் பக்கத்து வீட்டு அனஸ் கையில் இந்தக் கடிதம்.

எடை குறைய டாக்டர் நடக்கச் சொன்னாரல்லவா, நடக்கிறேன். கெண்டைக்கால் நரம்பு இழுத்துப் பிடிக்கிறது என்று மகளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "கடையில விக்கிற கலர் தண்ணியெல்லாம் வேணாம் அத்தா. ஒரு லிட்டர் தண்ணியில எலுமிச்சம்பழம், கொஞ்சம் சீனி, அம்மா போடுற மாதிரி ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம்! உன் அடுப்படியில் சீனி என்று எழுதிய டப்பாவில் ரவை இருக்கிறது, ரவை டப்பாவில் ரப்பர் பேண்டு இருக்கிறது, உப்பு பிஸ்கட் டின்னில் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம், சிட்டிகை என்றால் யாருடைய சிட்டிகை? துபாயில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிய என் விரலால் எடுத்தால் அது ஒரு பிடி. கூட நடக்கும் ரிட்டயர்டு கண்டக்டர் செல்லமுத்து ஆசையாக ஒரு மடக்கு குடித்துவிட்டு, "என்ன பாய், என்னைக் கருவாடு போடப் பாக்குறீங்களா?" என்றார். அன்றிலிருந்து மைதானத்தில் எதிர்த்திசையில் நடக்கிறார். நான் கையைத் தூக்கினால், அதில் பாட்டில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் சிரிக்கிறார்.

கலப்பது ஒரு லிட்டர், குடிப்பது ஒரு ஆள். மிச்சத்தை உன் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அதற்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, இலை உதிர்கிறது.

நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். பேரனுக்குத் தலை நிற்கட்டும், தவழட்டும், நடக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எல்லோருக்கும் சலாம், குழந்தைக்கு என் துஆ.

இப்படிக்கு,
அப்துல் சுக்கூர்

பின்குறிப்பு: மேலே எழுதியது ஃபைஸா கேட்டால் படித்துக் காட்ட. இது உனக்கு மட்டும். உன் விரலால் ஒரு சிட்டிகை உப்பெடுத்துக் காகிதத்தில் மடித்து, அனஸ் திரும்பும்போது கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். வேண்டாம், நீயே வந்து போடு. காலையில் வீட்டைப் பூட்டும்போது உள்ளே பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. 'இங்கு நான் நலம்' என்பதை அடித்துவிட்டுப் படி. நான் அங்கிருந்து எழுதியதையெல்லாம் நீயும் அப்படித்தான் படித்திருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது.