முன்வரிசைக்கு ஐந்து கடிகாரங்கள்

திங்கட்கிழமை காலை உடைமாற்றும் அறைக்கு வந்த கால்பி ஹேவர்ஸ்டிக், தன் இருக்கையின் மேல் ஐந்து சிறு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைப் பார்த்தான். கிறிஸ்துமஸுக்காக முந்தின நாள் அவனே கொடுத்த கைக்கடிகாரங்கள். ஐந்தும் திரும்பி வந்துவிட்டன.

டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக் அவன். முதல் வருடம். பந்தை எறிகிறவன், தன்னைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் ஐந்து பேருக்கும் டிசம்பரில் பரிசு தருவது அந்த ஆட்டத்தில் வழக்கம். பரிசு பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஐவரும் அரை நொடி அசட்டையாக இருந்தால் எதிரணியின் மலைகள் நேராக அவன் விலாவில் வந்து இறங்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை மலையின் பெயர் ரூஃபஸ் ஓக்ஸ். இந்த சீசனில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஸ்ட்ரெச்சரில் அனுப்பி வைத்தவன்.

கால்பி தன் ஏஜென்ட் நோலனுக்குப் போன் போட்டான்.

"நீ சொன்ன மாதிரிதானே வாங்கினேன்? லமான்ட் அண்ணனுக்குத் தங்கம், சென்டருக்கு வெள்ளி, மத்த மூணு பேருக்கு ஸ்டீல்."

"சரியாத்தானே சொன்னேன். நீ வலது கைக்காரன். எறியத் திரும்பினா இடது பக்கத்துலேர்ந்து முதுகுக்குப் பின்னால வர்றவன் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். அவனைத் தடுக்கிறது லமான்ட். யாரைக் கேட்டாலும் அந்த இடத்துக்குத்தான் மதிப்பு ஜாஸ்திம்பாங்க."

"லமான்ட்டும்தான் திருப்பிக் குடுத்துட்டாரே."

"மத்தவங்களுக்காகக் கோவிச்சுக்கிட்டிருப்பான். அது இன்னும் மோசம். அஞ்சு பேருக்கும் தங்கமே வாங்கிடு."

வாங்கினான். புதன்கிழமை காலை ஐந்து தங்கக் கடிகாரங்களும் அதே இருக்கையில், இன்னும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"இப்ப லமான்ட்டுக்குக் கோவம்," என்றான் நோலன். "அவனையும் மத்தவங்களையும் ஒரே தட்டுல வச்சுட்டியே."

"அப்ப மத்த நாலு பேர் எதுக்குத் திருப்பினாங்க?"

"அவங்க லமான்ட்டுக்காகக் கோவிச்சுக்கிட்டாங்க."

இனி நோலனை நம்பிப் பயனில்லை என்று கால்பி சாப்பாட்டு அறைக்குப் போனான். முன்வரிசையின் நடுவில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டர் செஃபோ தனியாக உட்கார்ந்து ஒரு முழுக் கோழியை முடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு உண்மையச் சொல்றேன். இந்த அணியிலேயே நீங்கதான் ஒசத்தி. உங்க கைலேர்ந்து பந்து வராட்டி நான் யாரு?"

செஃபோ முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா தம்பி?"

பின்மேசையில் இருந்த கேரிக்கின் காதில் அது விழுந்துவிட்டது. கால்பி எறிவதை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் அவன்.

"பந்தை எடுத்துக் குடுக்கிறவரு ஒசத்தி. அப்ப அதைப் பிடிக்கிறவன் என்ன, தோட்டக்காரனா?"

"போன வாரம் ஜெயிச்சது என் காலாலதான்," என்றான் கோலை நோக்கி உதைக்கிறவன்.

"நீங்கெல்லாம் எத்தனை பாயின்ட் எடுத்து என்ன? நாங்க தடுக்காட்டி எல்லாம் வீண்," என்றார்கள் தற்காப்பு ஆட்டக்காரர்கள், நாலு மேசையிலிருந்து ஒரே நேரத்தில்.

"நானும் ஒருத்தன் இருக்கேன்," என்று எழுந்தான், வழி அடைபட்டபின் பந்தைத் தொலைவுக்கு உதைத்துத் தள்ளுகிறவன்.

"நீ உள்ள வந்தாலே நாங்க சொதப்பிட்டோம்னு அர்த்தம். உக்காரு."

கால்பி நாற்காலிமேல் ஏறினான். "எல்லாரும் சமம். ஒருத்தருக்கு ஒருத்தர் கொறைஞ்சவங்க இல்ல."

கேரிக் கையைத் தூக்கினான். "அப்ப உன் சம்பளத்தையும் சமமாப் பிரிச்சுடலாமா?"

முதல் கவளம் மசித்த உருளைக்கிழங்கு எங்கிருந்து பறந்தது என்று தெரியவில்லை. கோச் கதவைத் திறந்து, யார் ஆரம்பித்தது என்று கேட்டபோது, அணி முழுவதும் முதல்முறையாக ஒற்றுமையாகக் கால்பியைக் காட்டியது.

வெளியே வரும்போது லமான்ட் அவன் தோளில் கை வைத்தார். கழுத்து முதல் புஜம் வரை மறைந்துபோனது.

"ஞாயித்துக்கிழமை முடியட்டும் தம்பி. அப்புறம் நாங்க அஞ்சு பேரும் உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டியது. முதல் பந்து கைக்கு வந்ததும் கால்பி உடம்பைக் குறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தான். எதுவும் வந்து மோதவில்லை. தூரத்தில் ஓடும் கேரிக்கைப் பார்க்க வேண்டியவன், அன்று முதன்முதலாகத் தனக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்தான்.

ஓக்ஸ் பிரேக் பிடிக்காத லாரிபோல வந்தான். லமான்ட் பின்வாங்கினார்; அத்தனை பெரிய மனிதர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டறையில் நடப்பவர் மாதிரி. ஓக்ஸ் எங்கே திரும்பினாலும் அவர் அங்கே முன்பே இருந்தார். செஃபோ ஒரு இடைவெளியை நோக்கி விரலை நீட்டினார். அந்த இடைவெளியை எதிரணி யோசிப்பதற்குள் பக்கத்து ஆள் அடைத்துவிட்டான். பாய்ந்து வந்த ஒருவனை ஒருவர் விட, மற்றவர் வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. வெளியே எலும்பு அதிரும் சத்தம். நடுவே ஒரு சின்ன அறையளவு அமைதி, அதற்குள் அவன். ஐவரில் யார் பெரியவர் என்று பார்க்கப் போனால், ஒருவர் எங்கே முடிந்து அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்பதே பிடிபடவில்லை. இதைத் தங்கம், வெள்ளி என்று பிரித்ததை நினைத்தபோது காது சுட்டது.

ஆட்டம் முடிந்தபோது அவன் சட்டையில் பனி மட்டும்தான் ஒட்டியிருந்தது. ஓக்ஸ் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "உங்க அஞ்சு பேருக்கும் என்னதான்யா சாப்பிடப் போடுறாங்க?"

ஜெயித்த கூச்சலை விட்டுவிட்டு கால்பி நேரே சிகிச்சை அறைக்குப் போனான். ஐவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அணியின் சிகிச்சையாளர் இனெஸ் அம்மாள் கத்தரிக்கோலால் அவர்கள் கைக்கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் போய் விலை போட்டது என் தப்பு. யார் ஒசத்தின்னு இனிமே கேக்கவே மாட்டேன். வாட்ச் வேண்டாம்னா விடுங்க, என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க."

லமான்ட் செஃபோவை முழங்கையால் இடித்தார்.

"நீ சொல்லு," என்றார் லமான்ட்.

"நீயே சொல்லு. நீதானே பெரியவன்," என்றார் செஃபோ.

இனெஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இவனுங்க சொல்ல மாட்டானுங்க தம்பி, நான் சொல்றேன்: நீ குடுத்த வாட்ச் பட்டை அஞ்சு பேர் தடிச்ச மணிக்கட்டுக்கும் எட்டவே மாட்டேங்குது, சொன்னா நீ மனசு நோவியேன்னு, யாரு வாயத் தொறக்கிறதுன்னுதான் ஒரு வாரமா இவனுங்களுக்குள்ள சண்டை."