பள்ளிக்கூடத்துக்குப் போன நெல் தராசு

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் எடை மெஷின் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பதினேழு பிள்ளைகள், இரண்டு வகுப்பறை, ஒரே ஆசிரியர். அந்த ஒருவர் விஜயா டீச்சர். தலைமையாசிரியரும் அவரே, மணி அடிப்பவரும் அவரே.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போட்டிருந்தார்கள். எழுதத் தெரிந்தவன், வேலை இல்லாதவன் என்ற இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வமாம்.

அதற்கு முதல் நாள் டீச்சர் போன் செய்தார். ஒன்றியத்துப் பள்ளிகளின் தரப்பட்டியலில் நாம்தான் கடைசி என்றார். பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய எடையைப் பதிவேற்றவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருப்பதால் மொத்தப் பள்ளியும் சிவப்பில் நிற்கிறது. மறுநாள் பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார். அதற்குள் பதிவேற்றாவிட்டால், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு இதை இணைத்துவிடலாம் என்று எழுதிவிடுவார்.

"ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க அந்த ரோட்டை எப்படி சார் தாண்டும்?" என்றார் டீச்சர்.

பஸ்கள் அந்த ரோட்டில் போகிற வேகத்துக்கு நானே தாண்டுவதில்லை.

எடை மெஷின் இல்லாமல் இல்லை. நாலு பள்ளிக்குச் சேர்த்து ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இப்போது அது எந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதுதான் நாலு தலைமையாசிரியர்களுக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றும்போது யாராவது தடுத்திருக்கலாம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மின்னணுத் தராசு இருக்கிறது. சாக்கு வராததால் பத்து நாளாகக் கொள்முதல் இல்லை. தராசு சும்மா கிடக்கிறது. காலையில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். மத்தியானத்துக்குள் திருப்பிவிடுங்கள் என்றார். கூடவே லோடுமேன் கலியபெருமாளையும் அனுப்பினார்.

"சாக்கு எடையைக் கழிச்சுத்தான் சார் காட்டும். மாத்தித் தரவா?" என்றார் எழுத்தர்.

டீச்சர் போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அதெல்லாம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தராசைக் குட்டி யானை வண்டியில் ஏற்றினேன்.

வழியில் தங்கராசு மறித்தார். குறுவை நெல்லை அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் கொட்டித் தார்ப்பாய் போட்டுக் காத்திருப்பவர். மேலே பார்த்தால் கருமேகம். முகமும் அதே நிறத்தில் இருந்தது.

"தராசு எங்கங்க போவுது?"

"பள்ளிக்கூடத்துக்கு. பதினோரு மணிக்கு அதிகாரி வர்றார்" என்றேன்.

இரண்டும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. முப்பது வருஷம் 'வதந்தி பரவியதால் பரபரப்பு' என்று செய்தி எழுதியிருக்கிறேன். அதை யார் கிளப்புகிறார் என்று ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. அன்று கண்டுபிடித்தேன்.

பள்ளியில் வேலை சுறுசுறுப்பாகத்தான் தொடங்கியது. கலியபெருமாள் தொழில் சுத்தமானவர். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கித் தராசில் நிறுத்தி, எடையை ராகம் போட்டுச் சொல்லி, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இறக்கி ஓரமாக வைத்தார். எடையை டீச்சர் உடனுக்குடன் போனில் பதிவேற்றினார். தலையில் ஈரத்தோடு வந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணைத் தொட்டுப் பார்த்தவர், "இது ஈரப்பதம் ஜாஸ்தி. காயட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மேகத்துக்கு இடையே வந்த வெயிலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் அவளால் தராசில் ஏற முடிந்தது.

பதினேழாவது பிள்ளை இறங்கும்போது முதல் டிராக்டர் உள்ளே வந்தது.

அடுத்து இரண்டாவது. அப்புறம் எண்ணவில்லை. உரச் சாக்கில் அள்ளிப் போட்ட நெல், மேலே ஆள், பின்னால் சைக்கிளில் சொந்தக்காரர்கள். கொள்முதலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். முதலில் வந்தவருக்கு முதல் எடையாம். நான் ஓடிப்போய் இது பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த தராசு என்று விளக்கினேன்.

தங்கராசு என்னை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளைங்களை எடை போட்டு யாருங்க வாங்குறா?"

பதில் சொல்வதற்குள் அலுவலரின் ஜீப் வந்துவிட்டது. வந்ததென்ன, வாசலில் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அவர் இறங்கி நடந்து வந்தார். மைதானம் நிறைய ஆட்கள். எல்லோரும் கோபமாக இருந்தார்கள். சுற்றிலும் பார்த்தார். இவ்வளவு பேரும் பள்ளி இணைப்பை எதிர்த்துத் திரண்டிருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

தங்கராசும் அவரை வேறு துறை அதிகாரி என்று முடிவு கட்டியிருந்தார். "பத்து நாளா காத்துக் கெடக்குறோம் சார். ஒரு முடிவு எழுதிக் குடுக்காம நீங்க நகர முடியாது."

திருத்தம் சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் என் காலை மிதித்தார்.

அலுவலர் அங்கேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, தாளை எடுத்து எழுதினார். இப்பள்ளிக்குப் பொதுமக்கள் ஆதரவு மிக அதிகம். இணைக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். கையெழுத்து, முத்திரை. டீச்சரிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியே வேகமாக நடந்தார்.

தங்கராசு தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இதுல நெல்லு எங்க இருக்கு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் தப்பித்தேன், நெல் தப்பிக்கவில்லை. டீச்சர்தான் யோசிக்காமல், பூட்டியிருந்த இரண்டாவது வகுப்பறையைத் திறந்துவிட்டார். அரை மணி நேரத்தில் மூட்டைகள் ஸ்மார்ட் டி.வி. வரைக்கும் ஏறின. தங்கராசின் கோபம் கடைசி மூட்டை உள்ளே போனதும்தான் இறங்கியது.

மறு வாரம் சாக்கு வந்தது, கொள்முதல் திறந்தது, நெல் போனது. பள்ளி இருக்கிறது. புதிய தரப்பட்டியலில் ஏழு இடம் ஏறியிருக்கிறோம். இரண்டாவது அறையும் நிரம்பியிருந்ததாக அலுவலருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'வகுப்பறைப் பயன்பாடு: முழுமை' என்று போட்டிருக்கிறது.

ஒரே ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறைய ஒரே அளவு குறைகிறதாம், காரணம் என்ன?

எழுதத் தெரிந்தவன் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு காலிச் சாக்கு என்று எழுதினால் நம்புவார்களா என்றுதான் தெரியவில்லை.