மொழிக்கு முதலில் வராத எழுத்து

தமிழைக் காப்பாற்றியவர்கள் பலர். கடலிலிருந்து காப்பாற்றினார்கள், கறையானிலிருந்து காப்பாற்றினார்கள். ஆனால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் பழக்களியிலிருந்து தமிழைக் காப்பாற்றிய பெருமை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் நாரந்தனைக் கீழ்த்தெரு மாதர் முன்னேற்றச் சங்கத்தின் தலைவர், பண்டிதர் ஆழ்வாப்பிள்ளை அவர்கள். வருகிற மாதம் அவருக்கு மணிவிழா. மலருக்கு வாழ்த்துரை எழுதித் தரும்படி சங்கம் என்னைக் கேட்டிருக்கிறது. உபசெயலாளர் என்ற முறையில் பக்கத்தில் நின்று கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மாதர் சங்கத்துக்கு ஆண் தலைவரா என்று வெளியூர்ச் சனம் கேட்பதுண்டு. மாதர் முன்னேற வேண்டுமென்றால் முன்னால் ஒருவர் போக வேண்டாமா? ஐயா சங்கம் தொடங்கிய நாள் முதல் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். நாங்கள் அவருக்குப் பின்னால் முன்னேறுகிறோம்.

போன வருடம், எண்பத்தெட்டாம் ஆண்டு, கார்த்திகைக் கூட்டத்துக்கு மேரிறோஸ் வந்தாள். செபஸ்தியம்மாவின் மகள். கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை பார்த்தவள், எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவள். நத்தார்ப் பெருநாளுக்கு முன் எங்கள் பெண்களுக்கு ஓர் இனிப்புப் பழக்கித் தருகிறேன் என்றாள். சுட்டெடுக்கப் போறணை வேண்டாம், பெரிய செலவில்லை. கிண்ணத்தின் அடியில் பிஸ்கற்றை அடுக்க வேண்டும். அதன்மேல் வெட்டிய பப்பாப்பழம், வாழைப்பழம், ரின் அன்னாசி போட்டு ஜெலியை ஊற்ற வேண்டும். அதற்கு மேல் கஸ்ரட். பிறகு குளிரவிட வேண்டியதுதான். ஊரில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதபடியால் மீன்வாடி ஐஸ்பெட்டிக்கும் சொல்லி வைத்திருந்தாள். அதன் இங்கிலீசுப் பெயர் ‘ற்றைபிள்’ என்றாள். கையை உயர்த்தி எல்லோரும் ஆதரித்தோம். கூட்டம் அதோடு முடிந்திருக்கும்.

ஐயா தொண்டையைச் செருமினார்.

பிறமொழிப் பெயரோடு ஒரு பண்டம் தன் சங்கத்துக்குள் நுழைவதை அவர் எப்படிப் பொறுப்பார்? படை என்றால் அடுக்கு, மண்ணில் மண்படை உண்டு, பாறையில் பாறைப்படை உண்டு, இந்தப் பண்டத்திலும் மூன்று படை உண்டு; ஆகவே இதற்கு ‘முப்படைப் பழக்களி’ என்பதே தகுந்த பெயர் என்று விளக்கினார். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் தலைக்கு மேலும் கீழும் கண்டு களைத்துப்போன சனம் நாங்கள். எல்லோரும் தலையை ஆட்டினோம். மேரிறோஸ் மட்டும், அந்தப் பேர் போட்டால் என்ன சாமான் என்று விளங்காது, ஒருத்தியும் வரமாட்டாள், தெரிந்த பேரும் இருக்கட்டும் என்று பணிவாகக் கேட்டாள். ஐயா பெருந்தன்மையோடு இணங்கினார். இரண்டு பெயரும் போடுவதென்று ‘ஏகமனதாக’ முடிவாயிற்று.

விளம்பரப் பலகையை ஐயா தன் கையாலேயே எழுதினார். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும். ‘ற்’ என்று தொடங்கிப் புள்ளியும் வைத்தவர், பாம்பை மிதித்தவர்போலத் தூரிகையை இழுத்தார். துணியை எடுத்து அந்த எழுத்தைத் துடைத்தார்.

“மெய்யெழுத்து மொழிக்கு முதலிலை வராது,” என்றார்.

‘ற’ மட்டும் வருமோ என்று நான் கேட்டேன். றோட்டு, றேடியோ என்று சனம் எழுதிப் பழகிவிட்டது, ஆகவே அது ‘வழக்கு’. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு சொல் தொடங்குவது ‘வழு’ என்றார். வழக்குக்கும் வழுவுக்கும் நடுவில் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

மேரிறோஸுக்குத்தான் விளங்கவில்லை. “ஐயா, அந்த எழுத்தை எடுத்தால் அது றைபிள், ஆமிக்காரர் சுடுகிற துவக்கெல்லோ,” என்றாள்.

“பிள்ளை, நீர் சமையலைப் பாரும். தமிழை நான் பாக்கிறன்.”

அவர் தமிழைப் பார்த்த விதம் பின்வருமாறு பஸ் வீதிச் சந்தியில் தொங்கியது:

நத்தார் விசேட பயிற்சி!
றைபிள்: வீட்டிலேயே இலகுவாகச் செய்யலாம்!
முப்படையும் ஒரே கிண்ணத்துக்குள்!
பெண்கள் மட்டும்.
பயிற்சியாளர்: செல்வி மேரிறோஸ்
தலைவர்: பண்டிதர் ஆழ்வாப்பிள்ளை

கடைசி வரிதான் எல்லாவற்றிலும் பெரிது. அன்று மத்தியானம் இராணுவ முகாம் ஜீப் ஒன்று பலகைக்கு முன்னால் நின்று, வாசித்து, போனது. பின்னேரமே ஐயா ஒரு வாளி சுண்ணாம்போடு வந்து தன் பெயரை மட்டும் அழித்தார். தன்னடக்கம் என்றால் அதுதான். மேரிறோஸின் பெயரை அவர் தொடவில்லை. அடுத்தவருக்குரிய புகழைப் பறிக்கிற ஆள் அவர் அல்ல.

விடிய ஜீப் திரும்பி வந்தது. மேரிறோஸையும், சந்தேகத்துக்குரிய மஞ்சள் தூள் ஒரு பெட்டியையும், சிவப்புத் தூள் நாலு பக்கற்றையும், பலகையையும் ஏற்றிக்கொண்டு போனது. முகாமில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். முப்படை என்றால் என்ன என்று கேட்டதற்கு அவள் உள்ளதைச் சொன்னாளாம். கீழ்ப்படை பிஸ்கற், நடுப்படை பழம், மேற்படை கஸ்ரட். பிஸ்கற் என்பது எந்த இயக்கத்தின் இரகசியப் பெயர் என்று மத்தியானம் வரைக்கும் விசாரித்தார்களாம்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூடியது. ‘ஆழ்ந்த கவலையைப் பதிவு செய்வது’ என்று தீர்மானித்துப் பதிவும் செய்தோம். பதிவு செய்துகொண்டிருக்கும்போது செபஸ்தியம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தா. ஒரு எழுத்துப் பிழையாலே வந்த வினை, அதை வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ ஐயா என்று கும்பிட்டா. ‘பிழை’ என்ற சொல் கடுமையானது என்று ஐயா வருத்தப்பட்டார். அதை ‘வேறுபாடு’ என்று மாற்றுவதா, ‘நுண்வேறுபாடு’ என்று மாற்றுவதா என்பதில் பொழுதுபட்டது. செபஸ்தியம்மா எழும்பி மாதா கோயிலுக்குப் போனா.

கோயில் சுவாமியார் முகாமுக்குப் போய்ப் பேசினார். பண்டிதரைக் கூட்டிவாருங்கள், விஷயத்தை முடிப்போம் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். இனி ஐயா போகாமல் ஏலாது. நானும் கூடப் போனேன். செபஸ்தியம்மாவை வாசலில் மறித்துவிட்டார்கள்.

அதிகாரி கதிரை தந்து இருத்தினார். அவருக்கு முன்னால் ஒரு வெறும் கிண்ணம். மேரிறோஸைத் தங்கள் குசினியிலேயே செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா நடத்தாமல் விட்ட பயிற்சி வகுப்பு முகாமுக்குள் வெகு சிறப்பாக நடந்திருக்கிறது. இது துவக்கு இல்லை என்று வயிறார விளங்கிவிட்டதென்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஆனால் பலகையைப்பற்றி மேலிடத்துக்கு அறிவித்தாயிற்று. எழுதியவர் தன் கையால் அந்த எழுத்தைப் போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைத்தால் பிள்ளையை இப்பொழுதே கூட்டிப் போகலாம். சுவாமியார் பொறுப்பு நிற்பதால் எழுதியவருக்கு ஒரு கரைச்சலும் வராது. நான் போடுகிறேன் என்று கையை நீட்டினேன். எழுத்து இவருடையது, இவர்தான் வேண்டும் என்றார்கள்.

மேரிறோஸ் மூலையில் ஒரு நீள மரவாங்கில் இருந்தாள். சட்டைக் கையில் கஸ்ரட் காய்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பலகையை மேசையில் வைத்தார்கள். ஐயா தூரிகையை வாங்கினார். மையில் தோய்த்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் தூரிகையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, மொழிமுதல் எழுத்துகள்பற்றி அதிகாரிக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சத் தூரம் கூடப் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இலங்கை, இராமன் என்று நம்முடையவர்கள் முன்னால் ஓர் ‘இ’ போட்டுக்கொள்ளவில்லையா? ‘இற்றைபிள்’ என்று எழுதினால் மெய்யும் முதலில் வராது, துவக்கும் வராது, தமிழும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். ஐயாவின் காதுக்குள் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

“இலக்கணப்படி சரிதான்,” என்றார். “ஆனால், சிவக்கொழுந்து, அப்ப முந்தி நான் எழுதினது பிழை எண்டாகுமே.”

இலக்கணம் அதோடு முடிந்துவிட்டது. மிச்சமாக இருந்தது ஐயா மட்டும்தான்.

மேரிறோஸ் எழும்பி நின்றபடியே இருந்தாள். “ஐயா, வாசலிலை அம்மா நிக்கிறா,” என்றாள்.

ஐயா சால்வையைச் சரிசெய்தார். தன் கையால் தன்னைத் திருத்திய பண்டிதன் என்ற பெயர் தனக்கு வேண்டாம், சங்கத்தைக் கூட்டி முடிவெடுத்து அறிவிக்கிறேன் என்றார். அதிகாரிக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பலகையையும் பிள்ளையையும் யாழ்ப்பாணம் பெரிய முகாமுக்கு அனுப்பச் சொல்லி எழும்பினார். அவளை ஏற்றிய ட்ரக் வாசலால் வெளியே போனபோது செபஸ்தியம்மா அதற்குப் பின்னால் பஸ் வீதிச் சந்தி திசையாக ஓடினா. நான் அவவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா பஸ்சுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டார்.

நத்தார் வந்தது, போனது. பொங்கலும் போய்விட்டது. செபஸ்தியம்மா கிழமைக்கொருக்கால் பஸ் ஏறிப் போகிறா. எழுதினவர் வந்து திருத்தட்டும் என்று அங்கே ஒரே பதில்தான். பலகையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். ஐயாவும் சும்மா இருக்கவில்லை. இதுபற்றி ஆராய மூவர் குழு ஒன்றை நியமித்திருக்கிறார். தலைவர் அவர்தான்.

மணிவிழா அழைப்பிதழ் நேற்று அச்சாகி வந்தது. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஐயாவின் பெயருக்கு மேலே ‘தீவகத்தின் பெரும்புள்ளி’ என்று போட்டிருக்கிறார்கள். முற்றிலும் உண்மை. அவ்வளவு பெரிய புள்ளியால், தாயிடம் ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க, ஓர் எழுத்தின் தலையில் ஒரு சின்னப் புள்ளி வைக்க ஏலாமல் போயிற்று.